சிட்னி சிலந்தியும் எங்க ஊர் விரியனும்

சிட்னிக்கு வந்த புதுசுல ஒரு தப்பு பண்ணிட்டேன். வீட்டுப் பின்பக்கம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில ஒரு ரெட்பேக் சிலந்தி. கறுப்பு உடம்பு, முதுகுல சிவப்புக் கோடு, பார்க்க அம்சமா இருந்துச்சு. போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பிட்டேன். அவ்ளோதான். அன்னைலேர்ந்து போன்ல முதல் கேள்வி "சாப்பிட்டியா", ரெண்டாவது கேள்வி "அந்தப் பூச்சி போச்சா". சொந்தக்காரங்க எல்லாம் துக்கம் விசாரிக்கிற குரல்ல "விஷ ஜந்துங்க நடுவுல எப்படிப்பா குடித்தனம் பண்றே"ன்னு கேக்கறாங்க.

பயம் நியாயமானதுதான், இல்லேங்கலை. இங்கே ஃபனல்வெப்னு இன்னொரு சிலந்தி உண்டு. ரெட்பேக்கெல்லாம் அதுக்கு முன்னாடி பச்சைப்புள்ள. ஆணுக்குத்தான் விஷ வீரியம் ஜாஸ்தி. கோடை முடியற சமயத்துல பொண்ணு தேடிக் கிளம்பும், வழியில நம்ம ஷூவுக்குள்ள தங்கிக்கும். நாய், பூனையை அந்த விஷம் பெருசா ஒண்ணும் பண்ணாது. மனுஷனைத்தான் போட்டுத் தள்ளும் (என்ன கணக்கோ!). பாம்புன்னா ஈஸ்டர்ன் பிரவுன். மேற்குப் புறநகர்ப் பக்கம் வீட்டுத் தோட்டத்துக்கே வரும்.

ஆனா பாருங்க, ஃபனல்வெப் கடிக்கு 1981ல மாற்று மருந்து வந்தது. அதுக்கப்புறம் அது கடிச்சு ஒரு சாவு கூட பதிவாகலை. பாம்புக்கடியில ஆஸ்திரேலியா முழுக்க வருஷத்துக்குச் சராசரியா ரெண்டு, மூணு பேர் சாகறாங்க. இந்தியாவில? 2000லேர்ந்து 2019 வரைக்கும் சுமார் 12 லட்சம் பேர்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது. வருஷத்துக்கு 58,000. சைபர் எதுவும் கூடப் படிச்சுட்டேனான்னு திரும்பப் பார்த்தேன். இல்லை.

அதுல ஒருத்தர் எங்க பெரியப்பா. நான் பத்தாவது படிச்சப்போ நடந்தது. தரையில பாய் விரிச்சுப் படுத்திருந்தார். கட்டுவிரியன் கடிச்சா பல சமயம் வலியே தெரியாது, தடமும் சரியா இருக்காது. விடிகாலையில வயித்து வலின்னார். சாப்பாடு ஒத்துக்கலைன்னு சுக்குக் கஷாயம் கொடுத்தாங்க. கண் இமை தொங்க ஆரம்பிச்சப்புறம்தான் யாருக்கோ சந்தேகம் வந்து, மந்திரிக்க ஆள் கூட்டிட்டு வந்தாங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தப்போ மத்தியானம். மூச்சு விட முடியலை அவரால. "விதி"ன்னு முடிச்சுட்டாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அது ஜீரணமாகலை. அஞ்சாறு மணி நேரத்தைத் தொலைச்சது நாம, பழி மட்டும் விதி மேலயா?

இத்தனைக்கும் மருந்து நம்மகிட்டயே இருக்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்து. அதுக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்கிறதுல முக்கியமானவங்க ஈ.சி.ஆர். ரோட்டுல, வடநெம்மேலியில இருக்கிற இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரங்க. 1978ல ஆரம்பிச்ச சங்கம். அதுல இருக்கிற வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. வீக்கெண்டுல மகாபலிபுரத்துக்கு பைக்ல போனப்போ எத்தனை தடவை அந்த இடத்தைத் தாண்டியிருப்பேன்!

இங்கே எங்க வீட்டுக்காரர், எழுபது வயசுத் தாத்தா, சாவி கொடுத்த அன்னிக்கே பேண்டேஜ் ரோல் எந்த டிராயர்ல இருக்குன்னு காட்டினார். கேஸ் அடுப்பு பத்தவைக்கச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, பாம்பு கடிச்சா என்ன செய்யணும்னு சொல்லிட்டு, அடுத்து குப்பை எடுக்கிற நாள் எதுன்னு போயிட்டார். அந்த சாதாரணம்தான் நம்ம ஊர்ல இல்லைங்கறேன். நாம பாம்பைக் கும்பிடுவோம், இல்லேன்னா அடிப்போம். நடுவுல ஒண்ணும் கிடையாது.

தமிழ்நாட்டுல 2024 நவம்பர்ல பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்கணும்னு அறிவிச்சாங்க. நல்லது, கணக்காவது ஒழுங்கா வரும். ஆனா ராத்திரி கொல்லைக்கு வெறுங்காலோட போறவங்களுக்கு அந்த அரசாணையால வெளிச்சம் வருமா? இலவச மிக்ஸி, கிரைண்டர் கொடுத்த ஊருங்க இது. ஒரு டார்ச்சும், பாய்க்கு அடியில சொருகிக்கிற மாதிரி கொசுவலையும் கொடுக்கிறது அவ்ளோ கஷ்டமா? தரையில படுக்கிறவங்களுக்கு கட்டுவிரியன்கிட்டேர்ந்து அந்த வலைதான் காவல்.

சரி, அரசாங்கத்தை விடுங்க. போன தடவை ஊருக்குப் போனப்போ அம்மாவுக்கு நல்ல டார்ச் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். நேத்து போன்ல கேட்டேன், கொல்லைக்குப் போறப்போ எடுத்துட்டுப் போறியாம்மான்னு.

"ஃபாரின் சாமான்டா, வீணாயிடும். பீரோவுல பத்திரமா வச்சிருக்கேன். நீ ஷூவை உதறிட்டுப் போடு."