கட்டடம் படித்தவன் சமூகம் படிக்கப் போவது ஏன்?



டிப்ளமோ முடித்தவனிடம் ஊர் கேட்பது ஒரே கேள்விதான். "வேலைக்குப் போறியா, லேட்டரல் என்ட்ரியில பி.இ. ரெண்டாம் வருஷம் சேரப் போறியா?" இரண்டும் இல்லை, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கப் போகிறேன் என்றதும் எங்கள் அத்தை, "சோசியமா? அதுக்கு எதுக்குடா காலேஜு?" என்றார். சோசியம் இல்லை அத்தை, சோசியாலஜி என்று விளக்கி முடிப்பதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்! வகுப்பு நண்பர்கள் இன்னும் மோசம். "மார்க்கு கம்மியானவன் எடுக்கிற சப்ஜெக்ட்டுடா அது" என்கிறார்கள். என் மதிப்பெண் துறை அலுவலகத்தில் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் பார்த்துக் கொள்ளலாம்.

சிவில் மாணவர்களாகிய நாம் மூன்று வருடமாகச் சுவரைப் பற்றிப் படித்திருக்கிறோம். பளு தாங்கும் சுவர், மண் தாங்கும் சுவர், தடுப்புச் சுவர், சுற்றுச்சுவர். பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் விட வேண்டும் என்பது வரை மனப்பாடம். 2019 டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் பெருமழையில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின் மேல் சாய்ந்தது. தூங்கிக் கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தலித் மக்கள். சுவர் ஏறத்தாழ 20 அடி உயரம் என்று செய்திகளில் வந்தது. அது ஏன் விழுந்தது என்று கேட்டால் நம்மில் யாரும் ஒரு பக்கம் எழுதிவிடுவோம். ஒரு வீட்டுக்கும் பக்கத்துத் தெருவுக்கும் நடுவே 20 அடி எதற்கு என்று கேட்டால்? திருடனுக்குப் பயந்து கட்டுகிறவனுக்கு ஏழெட்டு அடி போதும். அங்கிருந்த மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொன்னார்கள். அந்த வகை நம் பாடத்தில் இல்லை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவர் 2008 மே மாதம் ஒரு பகுதி இடிக்கப்படும்வரை 19 ஆண்டுகள் நின்றது. நல்ல கட்டுமானம்தான், என்ன செய்ய!

நானே கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. எங்கள் சர்வே கேம்ப் நடந்த ஊரின் பெயர் வேண்டாம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசித் தெரு வரை லெவல் எடுத்தோம். கடைசித் தெரு மெயின் தெருவைவிட 80 சென்டிமீட்டர் தாழ்வு. தண்ணீர் தானாக ஓடி வர வேண்டிய இடம். ஆனால் அங்கேதான் காலிக் குடங்கள் வரிசையாகக் கிடந்தன. பைப்பில் அடைப்பு இருக்கும் என்றான் எங்கள் பேட்ச் லீடர். ஸ்டாஃபைப் பிடித்துக் கொண்டு நின்ற என்னைப் பார்த்து ஒரு ஆயா சொன்னார்: "என்னா தம்பி, மேடா பள்ளமான்னு பாக்குறீங்களா? வால்வு யாரு கையில இருக்குன்னு பாருங்க."

விசாரித்தோம். வால்வைத் திருப்புகிறவர் மெயின் தெருக்காரர். தன் தெருவில் அண்டா, தொட்டி எல்லாம் நிறைந்த பிறகுதான் இந்தப் பக்கம் திறப்பார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. "எப்பவும் அப்படித்தான்" என்றார், கோபம்கூட இல்லாமல். எழுதாத அந்த உத்தரவு எங்கிருந்து வருகிறது, அதற்கு ஒரு ஊரே எப்படிக் கட்டுப்படுகிறது என்பதைத்தான் நான் படிக்க விரும்புகிறேன். எங்கள் பீல்டு புக்கில் அதற்குக் கட்டம் இல்லை.

"ஊர்ல பொறந்து வளந்தவனுக்கு இதெல்லாம் தெரியாதா, தனியாப் படிக்க வேற வேணுமா?" என்று ஒரு நண்பன் கேட்டான். கண்ணால் பார்த்தே தரைமட்டம் சொல்லிவிடலாம் என்றால் லெவல் கருவி எதற்கு? சமூகத்துக்கும் அளக்கிற முறை உண்டு.

இரண்டும் ஒட்டாத படிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை தொடங்கியபோது அதன் பேராசிரியராக அமர்ந்தவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், உயிரியல் படித்தவர். ஆனால் உலகம் அவரை அறிந்தது நகரமைப்பு வல்லுநராக! அதற்கு முன்பே, 1914-ல் இந்தியாவுக்கு வந்து இறங்கி, சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து மறு ஆண்டே அறிக்கை கொடுத்தவர். தஞ்சாவூரும் மதுரையும் அதில் உண்டு. நெரிசலான தெருவைக் கண்டால் அகலச் சாலைக்கு நேர்கோடு போட்டு வீடுகளை இடிப்பது அன்றைய வழக்கம். கெடிஸ் முதலில் தெருத் தெருவாக நடப்பார். ஜனங்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு பாழடைந்த ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, மீதி ஊரை அப்படியே விடச் சொல்வார். நாமோ பென்சிலை முதலில் எடுக்கிறோம்.

அதே காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களையே கிராமங்களை ஆராயச் சொல்லி, 1918-ல் அவற்றைப் புத்தகமாகக் கொண்டு வந்தார். மாணவர்கள் என்பதைக் கவனிக்கவும்.

சரி, சோறு போடுமா? நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக் கழிக்கவில்லை. எங்கப்பா சென்ட்ரிங் வேலை செய்கிறவர். கைமாற்று வாங்கித்தான் என் பீஸ் கட்டினார். பி.இ. முடித்து நான் வாங்கப் போகும் சம்பளத்தை அவர் மனதுக்குள் எப்போதோ எண்ணி முடித்துவிட்டார். தம்பி பத்தாம் வகுப்பு வேறு. கையில் டிப்ளமோ இருப்பதால் சனி, ஞாயிறு சைட் சூப்பர்வைசர் வேலைக்கு ஒரு மேஸ்திரி அண்ணனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சமூகவியல் முடித்தவனுக்கு வேலை வரிசையில் காத்திருக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

வால்வு கதையைக் கேட்டுவிட்டு அப்பா, "இதப் படிச்சா நீ போயி அதத் திறந்துடுவியா?" என்றார். திறக்க முடியாதுப்பா, ஆனா இன்ஜினீயர் போட்ட பைப்பும் அதத் திறக்கலையே என்றேன். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துதான் பாக்கி.

நமது பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு சர்வே கேம்ப் போகும் தம்பி, தங்கைகளுக்குக் கருவியை இறக்கி வைத்துவிட்டு ஊர்க்காரர்களிடம் பேச ஒரு நாள் கேட்டு வாங்கிக் கொடுங்கள். குழாயடியில் ஆரம்பித்தால் போதும்.