இருக்கிறதா என்று கேட்பதே பிழை

களியக்காவிளைப் பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வண்டி வந்து நின்றதும், காலி இருக்கையைப் பார்த்துவிட்டுப் படியேறுபவருக்கு இடம் கிடைப்பது அரிது. சன்னல் வழியே துண்டு போட்டவருக்கே அது கிடைக்கும். பார்த்தலுக்கும் அமர்தலுக்கும் இடையில் வேறொருவர் நுழைந்துவிடுவார். குன்னத்துகாலிலிருந்து எல்லை கடந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவரும் அறிந்த இவ்வுண்மையை, மொழியியல் ஆய்வுக்கூடங்களில் எழுதப்படும் நிரல்கள் பல இன்னும் அறியவில்லை.

'கோப்புறை இல்லையெனில் உருவாக்கு' என்றே அவை எழுதப்படுகின்றன. நிபந்தனை எச்சத்துக்கும் முற்றுவினைக்கும் இடையே வாக்கியம் காலத்தை வைப்பதில்லை, கணினி வைக்கிறது. எட்டுச் செயல்முறைகள் ஒருசேர ஒரு சொற்றொகுதியை அலசும்போது, அவற்றுள் இரண்டு 'இல்லை' என்ற விடையை ஒரே கணத்தில் பெறலாம். ஒன்று கோப்புறையை உருவாக்கும். மற்றது பிழையுடன் நின்றுபோகும். அதன் பங்குத் தரவு முடிவுகளில் இடம்பெறாது. ரேஸ் கண்டிஷன் எனப்படுவது இதுவே. எப்போதாவதுதான் நிகழ்வதால், பழி கணினியின்மேல் விழுகிறது.

தீர்வு எளிது. கோப்புறையை உருவாக்கும் இயங்குதள அழைப்பு பிளவுபடாத ஒரே செயல்: உருவாக்கும், அல்லது 'ஏற்கெனவே உள்ளது' என மறுக்கும். ஆகவே கேட்காமல் உருவாக்கி, மறுமொழியைப் படிப்பதே முறை. 2011இல் வெளிவந்த பைத்தான் 3.2 முதல், 'மேக்டிர்ஸ்' செயற்கூற்றின் 'எக்ஸிஸ்ட் ஓகே' என்னும் தெரிவு இதற்கெனவே உள்ளது. எல்லாப் பிழைகளையும் மொத்தமாக விழுங்குவது தீர்வன்று. அனுமதி மறுப்பும் வட்டு நிறைவும் அதனுள் மறைந்துபோகும்.

அத்தெரிவும் சர்வரோக நிவாரணியன்று. பகிர்வதற்கான கோப்புறைக்கு அது பொருந்தும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் தனிக் கோப்புறை வேண்டுமிடத்தில் அதை இட்டால், இரண்டு ஓட்டங்கள் ஒரே இடத்தில் எழுதி ஒன்றையொன்று அழிக்கும், பிழைச்செய்தியும் வராது. அங்கே மறுப்பே காவல். தற்காலிகக் கோப்புறைக்கு 'எம்கேடிடெம்ப்' இருக்கிறது.

'மொழியியலாளர் நிரலாளர் அல்லர்' என்னும் சமாதானம் செல்லாது. பாதுகாப்பையே பெருமையாகக் கொண்ட ரஸ்ட் மொழியின் செந்தர நூலகத்தில், கோப்புறையை நீக்கும் செயற்கூற்றில் இதே இடைவெளி 2022 ஜனவரியில் வெளிப்படுத்தப்பட்டுத் திருத்தப்பட்டது. வல்லுநர் பிழையை ஏற்றுத் திருத்தினர். அட்டவணையில் சதவீதத்தை அச்சிடும் ஆய்வாளர், அந்த எண் எத்தனை கோப்புகளிலிருந்து வந்தது என்று சொல்லக் கடமைப்பட்டவர். அதைச் சொல்ல இயலாத ஆய்வேட்டில், நிரல் பின்னிணைப்பு அன்று. அதுவே ஆய்வின் ஓட்டை.