இலவசம்னு போட்டிருந்தா மட்டும் போதுமா?

ஏப்ரல் 15 நெருங்கினாலே நம்ம அபார்ட்மென்ட்டில் ஒரே கேள்விதான். "மச்சி, டாக்ஸ் ஃபைல் பண்ண எந்த சாஃப்ட்வேர்டா?" சோபாவில் படுத்தபடியே யாராவது ஒரு சீனியர் ஒரு பெயரைச் சொல்வார். "இலவசம்டா, பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும், ரீஃபண்டும் ஜாஸ்தி வரும்." அவ்வளவுதான், ஆராய்ச்சி முடிந்தது. நாலாயிரம் ரூபாய்க்குச் செல்போன் வாங்க நாலு நாள் ரிவ்யூ படிக்கிற கூட்டம் இது. அமெரிக்க அரசாங்கத்துக்கு கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற காகிதத்துக்குப் பத்து நிமிஷம் போதுமாம்!

ஓசியில கிடைச்சா பினாயிலையும் குடிப்பான் என்று ஊரில் சொல்வார்கள். குடித்தவன் நான். அதனால்தான் இந்தப் பதிவு.

விஷயம் ரொம்ப எளிது. எஃப்-1 விசாவில் வந்த மாணவனுக்கு முதல் ஐந்து காலண்டர் வருடங்கள் வரிக் கணக்கில் 'நான்-ரெசிடென்ட்' என்று பெயர். (ஆகஸ்டில் வந்து இறங்கினாலும் அந்த வருடம் ஒரு முழு வருடமாகத்தான் எண்ணப்படும்.) அவன் நிரப்ப வேண்டிய படிவம் 1040-என்ஆர். டிவியில் விளம்பரம் வருகிற சாஃப்ட்வேர்கள் தயாரித்துக் கொடுப்பதோ வெறும் 1040, குடிமக்களும் ரெசிடென்ட்களும் போடுவது. டர்போடாக்ஸ் தன்னிடம் 1040-என்ஆர் கிடையாது, ஸ்ப்ரின்டாக்ஸுக்குப் போங்கள் என்று தானே சொல்கிறது. யார் படிக்கிறோம்?

நான் பயன்படுத்திய சாஃப்ட்வேரிலும் (பெயர் வேண்டாம்) ஒரு மூலையில் "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா அல்லது ரெசிடென்ட்டா?" என்று கேட்டது. இங்கேதானே குடியிருக்கேன், வாடகை கட்டறேன், குளிர்ல சாகறேன்! ஆமாம் என்று டிக் அடித்தேன். அந்த வார்த்தைக்கு வரிச் சட்டத்தில் வேறு அர்த்தம் என்று சொல்ல அங்கே ஆளில்லை. உன் விசா என்ன, எந்த வருடம் வந்தாய் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பேன்.

இனி கணக்கு. 2024-ஆம் வருடத்துக்கு என் அசிஸ்டென்ட்ஷிப் சம்பளம் சுமாராக 18,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாஃப்ட்வேர் 14,600 டாலர் ஸ்டாண்டர்ட் டிடக்ஷனைக் கழித்து, மீதி 3,400-க்கு சுமார் 340 டாலர் வரி போட்டது. பிறகு "நீ மாணவன்தானே?" என்று கொஞ்சலாகக் கேட்டு, கல்விச் செலவுக்கான வரிச்சலுகை ஒன்றைக் கொடுத்து அதையும் பூஜ்ஜியமாக்கியது. திரையில் பட்டாசு வெடித்தது. நானும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். அந்தச் சலுகை நான்-ரெசிடென்டுக்குக் கிடையாது என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. 1040-எக்ஸ் போட்டுத் திருத்தி, 340 டாலரையும் வட்டியையும் செக் எழுதி அனுப்பினேன். பிரியாணிக் காசு தனி :-)

இன்னொரு பக்கம் பாருங்கள். நான்-ரெசிடென்டுக்குப் பொதுவாக ஸ்டாண்டர்ட் டிடக்ஷனே கிடையாது. ஆனால் இந்திய மாணவர்களுக்கு உண்டு! இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு தரும் உரிமை அது. சீன நண்பனுக்கு வேறு ஒப்பந்தம், வேறு சலுகை. ஆக, 1040-என்ஆர் இருக்கிறது என்பதற்காக ஒன்றைப் பிடித்து, அது ஒப்பந்தத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால், அதே 18,000-க்கு சுமார் 1,930 டாலர் வரி வரும். சரியான வரி 340. மாணவன் கையில் 1,590 டாலர் என்றால் எத்தனை மாத வாடகை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

"எல்லாரும் இப்படித்தான்டா பண்றாங்க, ஒண்ணும் ஆகல" என்பது சீனியர்களின் கடைசி அஸ்திரம். 2020-இல் கொரோனா நிவாரணமாக 1,200 டாலர் வந்தபோது, தப்பாக 1040 போட்டிருந்த வெளிநாட்டு மாணவர்கள் பலரின் கணக்கிலும் அது வந்து விழுந்தது. தகுதியில்லாதவர்கள் திருப்பி அனுப்புங்கள் என்று ஐஆர்எஸ் சொன்னது. செலவழித்துவிட்டு முழித்தவர்களைக் கேளுங்கள், ஒண்ணும் ஆகலையா என்று. படிவத்தின் அடியில் பொய் சொன்னால் தண்டனை என்று எழுதியிருக்கும் இடத்தில் நம் கையெழுத்துதான் இருக்கிறது, சாஃப்ட்வேரின் கையெழுத்து இல்லை.

'இலவசம்' என்ற வார்த்தையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் ஐஆர்எஸ் இந்தக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டது: குறைந்த வருமானக்காரர்களுக்கு நீங்கள் இலவசமாகச் செய்து கொடுங்கள், நாங்கள் போட்டிக்கு வர மாட்டோம் என்று. 2019-இல் ப்ரோபப்ளிகா தோண்டியபோது, டர்போடாக்ஸின் உண்மையான இலவசப் பக்கம் கூகுள் தேடலில் சிக்காதபடி மறைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. 2022-இல் அதன் தாய்க் கம்பெனி இன்ட்யூட் 50 மாநிலங்களோடு சமரசம் செய்துகொண்டு 14.1 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அரசே நடத்திய டைரக்ட் ஃபைல் 2024-இல் 12 மாநிலங்களில் தொடங்கி அடுத்த வருடம் 25 ஆனது. 2026-க்கு அதையும் இழுத்து மூடிவிட்டார்கள். (நம் படிவம் அதிலும் இல்லை, அது வேறு சோகம்.) 2021-இல் நம்ம ஊர் வருமான வரி போர்ட்டல் படுத்தபோது எவ்வளவு திட்டினோம்! ஆனாலும் அங்கே அரசாங்கமே சம்பளக் கணக்கை முன்கூட்டி நிரப்பி, சல்லிக்காசு வாங்காமல் தாக்கல் செய்ய விடுகிறது. அப்பாவுக்கு நான்தான் வருஷா வருஷம் இங்கிருந்து செய்து கொடுக்கிறேன்.

அப்போ எதைத்தான் எடுக்கிறது? விலையையும் ரீஃபண்டையும் கடைசியில் பாருங்கள். 1040-என்ஆர் இருக்கிறதா, விசாவும் வந்த வருடமும் கேட்கிறதா, நாடு இந்தியா என்றதும் 21(2) தானாக வருகிறதா, மாநில வரிக்குத் தனிக் காசா? இவ்வளவுதான். ஸ்ப்ரின்டாக்ஸ் போன்றவற்றுக்குப் பல கல்லூரிகள் கூப்பன் தருகின்றன. இன்டர்நேஷனல் ஆபீஸில் முதலில் கேளுங்கள், பலருக்கு அது இருப்பதே தெரியாது. பெரும்பாலும் அது ஃபெடரலுக்கு மட்டும்தான், மாநிலத்துக்கு நாம்தான் அழ வேண்டும். ஆறாவது வருடத்தில் இருக்கும் பிஎச்டி அண்ணன்மார்களுக்கு இந்தப் புலம்பல் பொருந்தாது, பெரும்பாலும் சாதாரண 1040-தான்.

சாஃப்ட்வேரே வேண்டாம் என்றாலும் முடியும். சம்பளம் மட்டும் உள்ளவனுக்கு 1040-என்ஆர் ரெண்டு பக்கம், கூடவே ஷெட்யூல் ஓஐ, படிவம் 8843. டபிள்யூ-2 காகிதத்தை இணைத்து, கையெழுத்துப் போட்டு டெக்சஸ் ஆஸ்டினுக்குத் தபாலில் போட வேண்டியதுதான். வருமானமே இல்லாதவனும் 8843 அனுப்ப வேண்டும், மறந்துடாதீங்க.

சனிக்கிழமை மதியம் என் ரூமில் உட்கார்ந்து நாலு பேருக்கு இதைச் செய்யப் போகிறேன். வருகிறவர்கள் பாஸ்போர்ட்டும் டபிள்யூ-2-வும் எடுத்து வாங்க. டீ என் செலவு, பிரியாணி இந்தத் தடவை கிடையாது.