'குட் நைட்' சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்



இரவு 8 மணிக்கு வந்த விருந்தாளியைப் பிள்ளை 'குட் நைட்' என்று வரவேற்றால் சிரிக்கிறீர்கள். குற்றம் பிள்ளையுடையதா? 'ஈவினிங் என்றால் மாலை, நைட் என்றால் இரவு' என்று மனப்பாடம் செய்யவைக்கும் நோட்ஸுடையது! நம் மாலை, விளக்கு வைத்ததும் முடிந்துவிடும். அவர்களுடைய ஈவினிங் படுக்கப்போகும்வரை நீளும். 'குட் நைட்' விடைபெறும்போது சொல்வது.

நமக்கு வெள்ளி இரவு 12.30, டிக்கெட்டில் அது சனிக்கிழமை 12.30 ஏ.எம். இது புரியாமல் சனி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் உண்டு. பணமும் போச்சு, பயணமும் போச்சு.

வெறும் அர்த்தம் எழுதிப்போட்டால் போதாது ஆசிரியர்களே! எப்போது, யாரிடம் சொல்வது என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பெற்றோரே, சிரிக்காமல் திருத்துங்கள். சிரித்தால் பிள்ளை அடுத்தமுறை வாயே திறக்காது.