நாற்காலி கணக்கில் வராதாமே!

எங்கள் அடுக்ககத்தில் 30 நாள் ஸ்குவாட் சவால் முடிந்து, வாட்ஸ்அப் குழு கோப்பைப் படமும் கைதட்டலுமாக அமர்க்களப்படுகிறது. பெயர் கொடுத்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். கடைசி நாள் காலையில் மொட்டை மாடியில் நின்றவர்கள் ஏழெட்டுப் பேர். அத்தனை பேரும் முப்பத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். இதற்குப் பெயர் மாபெரும் வெற்றியாம். மற்றவர்கள் எங்கே போனார்கள், ஏன் நின்றார்கள் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். உட்கார்ந்து எழுவதைப் போல ஏழை பணக்காரர் எல்லோருக்கும் கைகொடுக்கிற பயிற்சி வேறு எது இருக்கிறது? கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம், நிற்க இரண்டடி இடம் போதும். அந்தக் காலத்து உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டாலும், உட்கார்ந்து எழுகிற பஸ்கியும்தான் அடிப்படை. தொடையின் முன்பக்கம், பின்பக்கம், பிட்டம் என்று உடம்பின் பெரிய தசைகள் எல்லாம் இந்த ஒன்றிலேயே வேலை செய்துவிடுகின்றன. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைப் பெருமளவு இழுத்துக்கொள்வதும் தசைதான். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் வயதுவந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற மிதமான உடலியக்கம் வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. நம்மவர்கள் நடைக்குப் போகிறார்கள். தசைக்கென்று என்ன செய்கிறோம்? ஒன்றும் கிடையாது. அதனால்தான் இந்தச் சவால் பற்றிக் கேட்டதும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

வீட்டில் குனிந்து நிமிர்கிற வேலையெல்லாம் போய்விட்டது. மேடையில் நின்று சமையல், மேசையில் சாப்பாடு, சோபாவில் டிவி, உட்காருகிற கழிவறை. கல்யாண வீட்டில்கூடத் தரையில் பந்தி கிடையாது. தரையில் உட்கார்ந்துவிட்டால், எழ யாராவது கைகொடுக்க வேண்டும் என்கிற நிலை ஐம்பது வயதிலேயே வந்துவிடுகிறது. (உடனே 'அந்தக் காலத்துப் பாட்டிகள்' என்று ஆரம்பிக்காதீர்கள். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு வேலை பார்த்த பெண்களின் முட்டி என்ன பாடுபட்டது என்பதை அந்தப் பாட்டிகளிடமே கேட்டிருக்க வேண்டும். மணிக்கணக்காகக் குந்தியிருப்பது வேறு, அளவாக உட்கார்ந்து எழுவது வேறு.)

ஆகவே தேவை உண்மை. அந்தத் தேவைக்கு நம் குழு கொண்டுவந்து கொடுத்தது என்ன? இணையத்தில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஓர் அட்டவணை. முதல் நாள் 50, இரண்டாம் நாள் 55, மூன்றாம் நாள் 60, நான்காம் நாள் ஓய்வு, ஐந்தாம் நாள் 70 என்று ஏறி, முப்பதாம் நாள் 250-இல் நிற்கும். யாருக்குப் போட்டது அது? கல்லூரியில் கால்பந்து ஆடுகிற பையனுக்கும் அதே 50, பிபிக்கு மாத்திரை சாப்பிடுகிற அவன் அம்மாவுக்கும் அதே 50. ஒரு டாக்டரிடம் போனால் ஒரே மாத்திரையை வீட்டில் எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பாரா? இது மட்டும் எப்படி எல்லோருக்கும் ஒரே அளவாகும்?

பழகாத காலில் முதல் நாளே 50 போட்டால் மறுநாள் தொடை கடுக்கும். மூன்றாம் நாள் வரைகூட அது உச்சத்திலேயே இருக்கும்; மாடிப்படி இறங்க முடியாது. அது இயல்பு, பயப்பட வேண்டாம், கொஞ்சம் ஆற விடுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? குழுவில் வந்த பதில், "வலி வந்தாதான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், விடாம போடுங்க!" தசைக்கு வலு ஏறும் வேகத்தில் தசைநாணுக்கு ஏறாது, அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும். முட்டிக்குக் கீழே சுருக்கென்று குத்துகிறது என்று இரண்டாவது வாரத்தில் நாலைந்து பேர் எழுதினார்கள். எல்லோருக்கும் தசையை முறுக்கிக் காட்டும் கை எமோஜி ஒன்று பதிலாகப் போனது. அவ்வளவுதான்.

எண்ணிக்கைதான் எல்லாம் என்று ஆனபோதே சரியாகச் செய்வது போய்விட்டது. குதிகால் தரையில் பதிகிறதா, முட்டி உள்பக்கம் மடங்குகிறதா, மூச்சைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறார்களா என்று யார் பார்த்தார்கள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு விசைகொடுத்து எழுந்தால் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு ஏறும். ஏற்கெனவே பிபி இருப்பவர்களிடம், எழும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அதைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக "முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது" என்று எல்லோருக்கும் ஒரே அதட்டல். தொடை நீளமானவர்கள் முட்டியை வலுக்கட்டாயமாகப் பின்னால் நிறுத்தினால் உடம்பு முன்னால் சாய்ந்து, பாரம் இடுப்பிலும் முதுகிலும் இறங்கும். இரண்டாம் மாடிக்காரர் உயரமானவர். முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் திரும்ப மாடிக்கு வரவில்லை.

நேரத்தைப் பாருங்கள். காலை ஆறு மணி. எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு அந்த நேரம் ஓய்வு? பால் வந்திருக்கும், குக்கர் ஏறியிருக்கும், டிபன் பாக்ஸ் மூன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். "ஆறு மணிக்கு மாடிக்கு வராதவங்க வீட்டுல போட்டு வீடியோ அனுப்புங்க" என்றார்கள். அடுப்படியில் நைட்டியோடு நின்று வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுகிற பெண், அதை வீடியோ எடுத்து ஆண்களும் இருக்கிற குழுவில் போட வேண்டுமாம். போடாவிட்டால் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி. மூன்று சிவப்புப் புள்ளி விழுந்தால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். பெண்களில் பாதிப் பேர் இப்படித்தான் போனார்கள். சோம்பேறித்தனம் என்று யாரும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

எல்லாவற்றையும்விட என்னால் பொறுக்க முடியாதது தரைத்தளத்து அக்கா விஷயம். அறுபதைத் தாண்டியவர். இரண்டு முட்டியிலும் தேய்மானம். கணவர் போன பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதே குறைவு. குழுவில் முதலில் பெயர் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். "எல்லாரும் சேர்ந்து செய்யறீங்க, எனக்கும் ஆசையா இருக்கும்மா" என்று என்னிடம் சொன்னார். சுவரோரம் ஒரு மர நாற்காலியைப் போட்டு, அதில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். ஒரு கை சுவரில், ஒரு கை தொடையில். முகமெல்லாம் வேர்வை. பன்னிரண்டோ பதினைந்தோ போட்டுவிட்டு வீடியோவையும் பேரனிடம் சொல்லி அனுப்பினார். வந்த பதிலை எழுதவே கை கூசுகிறது: "ஆன்ட்டி, சேர்ல உக்காந்து எழுந்தா கவுன்ட்ல வராது. ஃபுல் ஸ்குவாட் போடுங்க."

கணக்கில் வராதா? முதியவர்களின் கால் வலுவை அளக்க உலகமெங்கும் இயன்முறை மருத்துவர்கள் பயன்படுத்துகிற சோதனையே அதுதானே! கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுசாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுவார்கள். அறுபதிலிருந்து அறுபத்து நாலு வயதுப் பெண்ணால் 12 முறைகூட முடியவில்லை என்றால், கீழே விழும் ஆபத்து இருக்கிறது, கவனியுங்கள் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை. அக்கா செய்தது அவருக்கு ஏற்ற, மிகச் சரியான ஸ்குவாட். இருபத்தைந்து வயதில் 250 போடுகிறவருக்குக் கால் வலு கூடினால் அது ஒரு பதக்கம். அந்த அக்காவுக்குக் கூடினால், ராத்திரி பாத்ரூமில் விழாமல் தானாக எழுந்து வருவார். யாருக்கு இது அதிகம் தேவை?

அந்தப் பதிலுக்குப் பிறகு அக்கா நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார். கேட்டால், "விடும்மா, எனக்கெதுக்கு இதெல்லாம்" என்கிறார். தமிழக அரசு 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது, நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரை அனுப்ப வேண்டும் என்று யோசித்தது. ஒரே கட்டடத்தில் இருக்கிற நம்மால் மொட்டை மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு இறங்கி வர முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கடைசி வாரத்தில் போட்டி முற்றி, "இன்னைக்கு ஒரே மூச்சுல 500" என்று இரண்டு பையன்கள் வீடியோ போட்டார்கள். பெரியவர்களும் சேர்ந்து கைதட்டினார்கள். பழக்கமில்லாத உடம்பில் ஒரேயடியாக இத்தனை நூறு போட்டால் தசை நார்கள் சிதையும். அதிலிருந்து கசிகிற மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கால் வீங்கி விறைத்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். நம் பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால், கைதட்டிய நாம் எல்லோரும் என்ன பதில் சொல்லியிருப்போம்?

முடித்தவர்களாவது தொடர்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. 250 போட்ட மறுநாள் மாடி காலி. அப்படியே விட்டுவிட்டால் சேர்த்த வலுவும் போகப் போகக் கரைந்துவிடும். அதற்குள் அடுத்த மாதத்துக்கு பிளாங்க் சவால் அறிவித்தாயிற்று. முதல் நாள் 20 விநாடி, கடைசி நாள் 5 நிமிடம். மறுபடியும் எல்லோருக்கும் ஒரே அட்டவணை!

நான் குழுவில் எழுதிப் போட்டிருக்கிறேன். வாரம் மூன்று நாள் போதும், ஒன்றுவிட்டு ஒரு நாள். பத்துப் பத்தாக மூன்று தடவை, நடுவில் மூச்சு வாங்க நேரம். முடியாதவர்களுக்கு நாற்காலி, கணக்கில் அதுவும் ஒன்று, இதுவும் ஒன்று. வீடியோ வேண்டாம், சிவப்புப் புள்ளி வேண்டாம். பெயர் எழுதும்போதே வயது என்ன, முட்டி எப்படி, பிபி உண்டா என்று கேட்டு எழுதுங்கள். ஒரு நாள் வராதவர்களுக்குப் போன் போட்டு, உடம்புக்கு என்ன என்று விசாரியுங்கள். நாலு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். வருகிறேன் என்று ஒருவரும் எழுதவில்லை.

இருந்தாலும் நான் தொடங்கப்போகிறேன். மாலை ஐந்தரை மணி, தரைத்தள நடைபாதை. நாற்காலிகளை நான் கொண்டுவந்து போடுகிறேன். அக்காவிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், "யாரெல்லாம் வர்றாங்க?" என்று கேட்கிறார். திங்கட்கிழமைக்குள் பெயர் சொல்லுங்கள்.