அழகுக்கும் ஓர் அளவு

ஒஸ்ரியாவின் மலைகளுக்கிடையே ஏரிக்கரையோடு ஒட்டிக்கிடக்கும் கிராமம் ஹால்ஸ்டாட். அங்கு வசிப்போர் 800 பேருக்கும் குறைவு. கோடையில் ஒரே நாளில் 10,000 பேர் வரை வந்து குவிகின்றனர்.

பல்லாயிரம் ஆண்டுகளாக உப்பு வெட்டிய இவ்வூர் 1997 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 2012 இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் இதைப் போலவே ஓர் ஊரைக் கட்டித் திறந்தார்கள். அதனால் அசலைத் தேடிவரும் கூட்டம் குறைந்துவிடவில்லை. 2023 மே மாதம், படமெடுப்போர் மொய்க்கும் இடத்தில் ஏரிக் காட்சியை மறைத்து மரவேலி எழுந்தது. கண்டனம் கிளம்பவே அகற்றப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஊர்மக்கள் வீதியில் இறங்கி, வருவோர் தொகைக்கு வரம்பு கேட்டனர்.

சுற்றுலாவால் பிழைப்பவர்கள் இப்படிக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதே என் கருத்து. காசு கொடுக்கிறோம் என்பதற்காக ஒருவரது வாசற்படி நமக்குப் படப்பிடிப்புத் தளமாகிவிடாது.

இடநெருக்கடி இவ்வூருக்குப் புதிதல்ல. மலைக்கும் ஏரிக்கும் நடுவே மயானத்துக்கே நிலம் போதவில்லை. ஆகவே பழைய புதைகுழிகளைத் தோண்டி, மண்டையோடுகளில் பெயரும் பூக்களும் தீட்டிச் சிற்றாலயமொன்றில் அடுக்கினார்கள். அவ்வாறு தீட்டப்பட்டவை 600க்கும் மேல் இன்றும் அங்குள்ளன. சொந்த மூதாதையரையே இடம்விடச் செய்த ஊர், அந்நியரைச் சற்று விலகி நிற்கச் சொல்வதில் என்ன தவறு?

போகவேண்டாம் என்பதல்ல என் வாதம். பேருந்தில் இறங்கி, படமெடுத்து, இரண்டு மணி நேரத்தில் திரும்புவதைவிடக் கூட்டமற்ற பருவத்தில் ஓரிரவு தங்கலாம். வரம்பு வந்தால், நமது முறை வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். விருந்தாளிக்கு அதுவே அழகு.