செவுள் பூச்சிக்கு மருந்து பாட்டில் எதுக்கு?

மீன் மேல வந்து வாயைப் பிளந்தா உடனே மருந்துக் கடைக்கு ஓடுறது நம்ம பக்கம் பழக்கமாயிடுச்சு. அவங்களும் பயிருக்கு அடிக்கிற பூச்சி மருந்துல ஒரு பாட்டிலை எடுத்துக் குடுத்து, குட்டையில ஊத்துங்கன்னு சொல்றாங்க. எனக்கு இதுல உடன்பாடே இல்லைங்க.

முதல்ல மீனைப் பிடிச்சுப் பாருங்க. விடியக்காலையில மட்டும் மேல வந்தா பெரும்பாலும் தண்ணியில ஆக்சிஜன் குறைச்சல்தான், வெயில் ஏறினா சரியாயிடும். நாள் பூரா திணறினா செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்க. நல்ல செவுள் ரத்தச் சிவப்பா இருக்கும். வெளுத்துப்போய், கோழை கட்டியிருந்தா ஒட்டுண்ணின்னு சந்தேகப்படலாம். கொக்கி போட்டு ஒட்டிக்கிற பொடிப் புழு அது. மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் உறுதி.

சிங்கப்பெருமாள் கோயில்லேர்ந்து கிழக்கே கடலோரம் போனா முட்டுக்காடு. மத்திய அரசோட உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அங்க பண்ணை இருக்கு. 1997-ல கொடுவா மீனை அடைச்சு வச்சே குஞ்சு பொரிக்க வச்சவங்க அவங்க. கொடுவா கடல்லயும் வாழும், ஆத்துலயும் வாழும். அதனால உப்புத் தண்ணியில வளர்ற கொடுவா செவுள்ல ஒட்டுண்ணி ஏறினா, நல்ல தண்ணித் தொட்டியில கொஞ்ச நேரம் விட்டு எடுக்கிறது ஒரு வைத்தியம். உப்புல பொறந்த பூச்சி உடம்புக்குள்ள நல்ல தண்ணி புகுந்து, அது ஊதிப்போய்ச் சாகும். மீன் தாங்கிக்கும். ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியா தீவுல சால்மன் செவுள்ல வர்ற அமீபாவுக்கும் இதேதான், ரெண்டு மூணு மணி நேரம் நல்ல தண்ணிக் குளியல். திரும்பத் திரும்பச் செய்யணும், செலவுதான். ஆனாலும் அதை அவங்க விடலை.

நம்ம கட்லா, ரோகு நல்ல தண்ணி மீன். அதனால இங்க தலைகீழ். 20 லிட்டர் தண்ணிக்கு அரைக் கிலோ கல்லுப்பு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். குஞ்சு சாய ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடியே எடுத்துடணும். குளோரின் போட்ட குழாய்த் தண்ணி ஆகவே ஆகாது.

அரை ஏக்கர் குட்டைக்கே இப்படி உப்பு போடலாமேன்னு கேப்பீங்க. மூணடி ஆழம்னா கிட்டத்தட்ட 50 டன் வேணும்! அதனாலதான் குளியலை குஞ்சு விடுற அன்னிக்கே முடிச்சுடணும்னு சொல்றேன். குட்டைக்குள்ள புழு முட்டை போட்டுட்டா அப்புறம் நம்ம கையில இல்லை.

அந்தப் பாட்டிலை ஊத்தினா என்ன ஆகும் தெரியுமா? மீன் பேனும் தண்ணியில இருக்கிற நுண்ணுயிர்ப் பூச்சிகளும் ஒரே வகையறா. பேனைக் கொல்றது அதையும் கொல்லும். கட்லாவோட தீனியே அந்தப் பூச்சிங்கதான். மீதித் தண்ணி மடை வழியா அடுத்தவர் கழனிக்குப் போகும், அங்க தவளைக்கும் நண்டுக்கும் யார் பதில் சொல்றது?

என்னைக் கேட்டா, குஞ்சு விக்கிறவங்களே உப்புக் குளியல் குடுத்துத்தான் பையில கட்டணும். வாங்கும்போது கேளுங்க. குடுக்கலைன்னா ரெண்டு வாளியும் உப்பும் நீங்களே எடுத்துட்டுப் போங்க.